கருப்பு ஜல்லிதான் கெட்டியா?

"செங்கல்பட்டுப் பக்கம் வீடு கட்டுகிறோம். இரண்டு குவாரிகளில் முக்கால் ஜல்லி பார்த்தோம். ஒன்று கருநீலமாக இருக்கிறது. இன்னொன்று வெளுப்பும் ரோஸும் கலந்த நிறம், யூனிட்டுக்கு விலை கொஞ்சம் குறைவு. கருப்புதான் எரிமலைக் கல், அதனால் அதுதான் கெட்டி என்கிறார் மேஸ்திரி. பள்ளியில் தீப்பாறை என்று படித்தோமே, அது இதுதானா? நிறத்தைப் பார்த்து ஜல்லி வாங்கலாமா?" இதுதான் கேள்வி.

மேஸ்திரி சொல்வதில் பாதி சரி. அந்தக் கருநீல ஜல்லி பெரும்பாலும் நல்ல ஜல்லியாகத்தான் இருக்கும். சென்னையைச் சுற்றித் தலைமுறை தலைமுறையாக அதைப் போட்டுத்தான் வீடு கட்டுகிறார்கள். மீதிப் பாதி தவறு. அது எரிமலை கக்கிய கல் இல்லை. அது கருப்பாக இருப்பதால் கெட்டியாக இருக்கிறது என்பதும் இல்லை. ஜல்லியை இடித்தும் உருட்டியும் சலித்தும் பார்ப்பதே பல வருடம் என் பிழைப்பாக இருந்ததால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். கல் எப்படிப் பிறந்தது என்று புரிந்துவிட்டால், எந்த லோடைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதும் தானாகப் புரிந்துவிடும்.

பள்ளிப் புத்தகத்தில் பூமியைக் குறுக்கே வெட்டிக் காட்டும் படம் ஒன்று இருக்கும். மேலே மெல்லிய ஓடு, அதற்குக் கீழே செக்கச்செவேலென்று ஒரு பரப்பு. அதைப் பார்த்து, நாம் எல்லோரும் கொதிக்கும் குழம்பின்மேல் மிதந்துகொண்டிருக்கிறோம் என்று மனதில் பதிந்துவிட்டது. அப்படி இல்லை. மேலோட்டுக்குக் கீழே சுமார் 2900 கிலோமீட்டர் ஆழம் வரை இருக்கும் கவசம் திடமான பாறைதான். திரவத்துக்குள் நுழைய முடியாத ஒருவகை நிலநடுக்க அலை அதற்குள் புகுந்து வெளியே வருகிறது, அதுவே சாட்சி. அங்கே சூடு ஆயிரம் டிகிரியைத் தாண்டும். ஆனாலும் மேலிருக்கும் பாரம் அழுத்திப் பிடித்திருப்பதால் பாறை உருகுவதில்லை. பிரஷர் குக்கருக்குள் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணீராகவே கிடப்பதில்லையா? அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்கினால் என்ன ஆகும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

பூமியும் அதையேதான் செய்கிறது, மிக மிக மெதுவாக. கவசத்துப் பாறை மேலே ஏறி வரும்போது அழுத்தம் குறைகிறது, சூடு அந்த அளவுக்குக் குறைவதில்லை. அதனால் பாறையில் ஒரு சிறு பங்கு உருகிப் பிரிகிறது. கடலடி மலைத்தொடர்களிலும் ஹவாயிலும் குழம்பு கிடைப்பது இந்த வழியில். இரண்டாவது வழி தண்ணீர். கடல்தரைத் தட்டு ஒன்று இன்னொரு தட்டுக்கு அடியில் சொருகிக்கொண்டு இறங்கும்போது, தன்னோடு கொண்டுபோன நீரை ஆழத்தில் விட்டுவிடுகிறது. நீர் சேர்ந்த பாறை குறைந்த சூட்டிலேயே உருகும். ஜப்பானிலும் இந்தோனேசியாவிலும் எரிமலைகள் வரிசையாக நிற்பதற்கு இதுதான் காரணம். மூன்றாவது வழி, இப்படி உண்டான சூடான குழம்பு மேலோட்டின் அடியில் தேங்கி, அங்கே ஏற்கெனவே இருக்கும் பாறையைச் சுட்டு உருக்குவது. கிரானைட்டுகள் பலவற்றின் பிறப்பில் இதற்குப் பங்கு உண்டு.

சரி, உருகியாயிற்று. இனி அது ஆற வேண்டும். இப்படி உருகிய குழம்பு ஆறி இறுகிய கல்லைத்தான் பள்ளியில் தீப்பாறை என்று படித்தோம். எவ்வளவு மெதுவாக ஆறியது என்பதைப் பொறுத்தே கல்லின் குணம் அமைகிறது. கடலை மிட்டாய்க்குப் பாகு காய்ச்சும்போது ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பதம் பார்ப்பார்கள். டக்கென்று கண்ணாடி மாதிரி உடையும். பனங்கற்கண்டுக்கும் பாகுதான், ஆனால் அதில் நூலைக் கட்டித் தொங்கவிட்டு வாரக்கணக்கில் அசைக்காமல் வைத்துவிடுவார்கள். கட்டி கட்டியாகப் படிகம் விளைந்துவிடும். சரக்கு ஒன்றேதான், ஆறிய வேகம் வேறு. எரிமலைக் குழம்பு சட்டென்று குளிர்ந்தால் அப்சிடியன் என்ற கருங்கண்ணாடி ஆகிறது. தரையில் ஓடி ஆறினால், படிகங்கள் கண்ணுக்கே தெரியாத பசால்ட். பல கிலோமீட்டர் ஆழத்தில் அடைபட்டு ஆறினால், அரிசியளவும் கடலையளவும் படிகம் தெரியும் கிரானைட்டும் கேப்ரோவும். பசால்ட்டின் சரக்கே ஆழத்தில் ஆறினால் கருப்பான கேப்ரோ, பெரும்பாலான அப்சிடியனின் சரக்கு ஆழத்தில் ஆறினால் கிரானைட்.

இதில் ஒரு கணக்கு எனக்கு எப்போதும் பிடிக்கும். குழம்பின் பருமன் பத்து மடங்கானால் அது ஆறும் காலம் ஏறக்குறைய நூறு மடங்காகும். பாறைப் பிளவுக்குள் புகுந்த ஒரு மீட்டர் அகலக் குழம்பு சில வாரங்களில் இறுகிவிடும். 100 மீட்டர் பருமன் என்றால் நூற்றாண்டுகள். பத்து கிலோமீட்டர் பருமனுள்ள குழம்புத் திரளுக்கு லட்சக்கணக்கில் தொடங்கிப் பத்து லட்சக்கணக்கான ஆண்டுகள் வரை ஆகலாம். நாம் முக்கால் அங்குலத்துக்கு உடைத்துக் கொட்டும் கல்லுக்கு அவ்வளவு பொறுமை தேவைப்பட்டிருக்கிறது.

இதையெல்லாம் மனிதன் எளிதில் நம்பிவிடவில்லை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிரானைட்டும் பசால்ட்டும் ஆதிக் கடலிலிருந்து உப்பு மாதிரிப் படிந்தவை என்று ஜெர்மனியின் புவியியல் ஆசிரியர் வெர்னர் வழி வந்தவர்கள் அடித்துச் சொன்னார்கள். ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் ஹட்டன் 1785இல் கிளென் டில்ட் பள்ளத்தாக்கில், சிவந்த கிரானைட் பழைய பாறைக்குள் நரம்பு நரம்பாகப் புகுந்திருப்பதைக் கண்டார். உருகி ஓடியிருந்தால்தானே அப்படிப் புக முடியும்? எதிர்த்தரப்பு மசியவில்லை. பாறையை உருக்கி ஆறவிட்டால் கண்ணாடிதானே வரும், படிகம் எங்கிருந்து வரும் என்றார்கள். ஹட்டனின் நண்பர் ஜேம்ஸ் ஹால், எடின்பரோவைச் சுற்றிக் கிடைத்த கருங்கல்லை இரும்பு உருக்கும் உலையில் போட்டு உருக்கினார். வேகமாக ஆறவிட்டதில் கண்ணாடி வந்தது. சூட்டைப் பிடித்துவைத்து மெதுவாக ஆறவிட்டதில் மறுபடியும் கல்லே வந்தது. 1798இல் அவர் இதை எடின்பரோ ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சபையில் படித்தார். கற்கண்டு காய்ச்சுகிறவரைக் கேட்டிருந்தால் இன்னும் சீக்கிரமாகவே சொல்லியிருப்பார்.

இப்போது நிறத்துக்கு வருவோம். குழம்பு ஆறும்போது எல்லாத் தாதுக்களும் ஒரே நேரத்தில் படிகமாவதில்லை. இரும்பும் மெக்னீசியமும் நிறைந்த ஆலிவின், பைராக்சீன் ஆகியவை முதலில் விளையும். ஃபெல்ட்ஸ்பார் என்ற தாதுவின் சுண்ணாம்பு மிகுந்த வகையும் அவற்றோடு சேர்ந்து வரும். பிறகு காக்காப்பொன் (மைக்கா) வகை. கடைசியில் பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும். குவார்ட்ஸ் என்றால் வேறொன்றுமில்லை, நம் ஊர் வெங்கச்சங்கல்தான். இந்த வரிசையை 1920களில் சோதனைக்கூடத்தில் நிறுவியவர் நார்மன் போவன். முதலில் விளைபவை கருமை, கடைசியில் விளைபவை வெளுப்பு. அதனால் சிலிக்கா 50 சதவீதத்தை ஒட்டிய பசால்ட் கருப்பாகவும், 70 சதவீதத்தை ஒட்டிய கிரானைட் வெளுப்பாகவும் இருப்பது பொதுவிதி. மேஸ்திரியின் கணிப்பும் இங்கிருந்து வந்ததுதான். கருப்பென்றால் பசால்ட், பசால்ட் என்றால் எரிமலை. மும்பையில் சொல்லியிருந்தால் சரியாகவே இருந்திருக்கும். அங்கே எந்தப் பக்கம் தோண்டினாலும், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்தோடி இன்றும் 5 லட்சம் சதுர கிலோமீட்டரை மூடிக் கிடக்கும் தக்காண எரிமலைப் பாறைதான்.

செங்கல்பட்டில் அந்தக் கணிப்பு பொய்த்துப்போகிறது. காரணம் பல்லாவரத்துக் கல்.

கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கால் ஊன்றியவர் ஜாப் சார்னாக். அவர் 1690களில் இறந்தபோது கல்லறைக்குப் பலகைக்கல் வேண்டியிருந்தது. வங்காளம் முழுக்க வண்டல் மண், கல்லுக்கு எங்கே போவது? மதராஸ் பக்கத்திலிருந்து கப்பலில் போனது ஒரு கருங்கல் பலகை. அது இன்றும் கொல்கத்தா செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. இருநூறு வருடம் கழித்து, இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் இருந்த தாமஸ் ஹாலண்ட் அந்தக் கல்லையும் பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகளின் கல்லையும் ஒப்பிட்டுப் பார்த்து, இது தனி வகை என்று 1893இல் எழுதினார். கல்லறைக்காரரின் பெயரையே கல்லுக்கும் வைத்தார்: சார்னோக்கைட். பரங்கிமலைப் பாறை இன்று தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். விமான நிலையத்துக்கு எதிரே திரிசூலம் பக்கம் அரைகுறையாக வெட்டப்பட்டு நிற்கும் குன்றுகளும் இதே இனம்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அசல் சார்னோக்கைட்டின் சரக்கு ஏறக்குறைய கிரானைட்டின் சரக்கு. குவார்ட்ஸ் இருக்கிறது, ஃபெல்ட்ஸ்பார் இருக்கிறது, சிலிக்காவும் கிரானைட் அளவுக்கு இருக்கிறது. கூடவே ஹைப்பர்ஸ்தீன் என்ற பைராக்சீன் கொஞ்சம். கிரானைட்டில் வெள்ளையாகவோ ரோஸாகவோ இருக்கும் ஃபெல்ட்ஸ்பார் இதில் எண்ணெய் தடவினாற்போலக் கரும்பச்சையாக இருக்கிறது. வெங்கச்சங்கல்கூட நீலம் பாய்ந்து மங்கித் தெரியும். கல்லின் கருமைக்குப் பெரும் காரணம் அதுதான். ஆக, உங்கள் இரண்டு குவியல்களும் நிறத்தில் எதிரும் புதிருமாக இருந்தாலும் சரக்கில் அண்ணன் தம்பியாக இருக்கலாம்.

அப்படியானால் சார்னோக்கைட் தீப்பாறையா? ஹாலண்ட் ஆமாம் என்றார். பின்னால் வந்தவர்களில் பலர் இல்லை என்றார்கள். வேறு பாறை ஆழத்தில் கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறியதுதான் இது என்பது அவர்கள் வாதம். கர்நாடகத்தில் கப்பல்துர்கா என்ற இடத்தில் வெளிர்நிற வரிப்பாறைக்குள் (கோடு கோடாக இருக்கும் உருமாறிய பாறை, நைஸ் என்பார்கள்) திட்டுத் திட்டாகச் சார்னோக்கைட் உருவாகியிருப்பதை 1960இல் புவியியலாளர் பிச்சமுத்து எழுதிக் காட்டினார். கல் ஒன்று இன்னொன்றாக மாறிக்கொண்டிருந்தபோது பாதியில் உறைந்துபோன காட்சி அது. குழம்பிலிருந்து நேரடியாக விளைந்த சார்னோக்கைட்டும் உலகில் உண்டு. ஆகவே இரண்டு வழியும் உண்டு என்பதே இன்றைய நிலை. சென்னைப் பகுதிக் கல்லுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். அத்தனை காலத்தில் அது எத்தனை முறை வெந்ததோ. பள்ளியில் மூன்று பெட்டி வைத்து, தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை என்று பிரித்துப் போடச் சொன்னார்கள். நம் காலடிக் கல் இரண்டு பெட்டிக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக்கு ஜல்லி போட அந்த வழக்கு தீர வேண்டியதில்லை. படிகங்கள் ஒன்றோடொன்று பல் பொருந்தினாற்போல இறுகியிருக்கின்றன, இடையில் ஓட்டை இல்லை. நமக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அந்தப் பல் பொருத்தம் எவ்வளவு உறுதி தரும் என்று எண்ணில் பார்க்கலாம். நல்ல கிரானைட் ஒரு சதுர மி.மீ.க்கு 100 முதல் 250 நியூட்டன் வரை தாங்கும். சார்னோக்கைட்டும் அந்த வட்டாரம்தான். நீங்கள் வீட்டுக்குப் போடப்போகும் எம்20 கான்கிரீட் தாங்க வேண்டியது 20. அதாவது இரண்டு குவியலில் எதை எடுத்தாலும், கல் கெடாத கல்லாக இருந்தால், கான்கிரீட்டைவிட ஐந்து மடங்குக்குக் குறையாத உறுதி அதற்கு ஏற்கெனவே இருக்கிறது. இதற்குமேல் கெட்டியான கல்லைத் தேடி என்ன பயன்? எம்20 கான்கிரீட் உடையும்போது பெரும்பாலும் ஜல்லி உடைவதில்லை. சிமெண்ட் பாலும் ஜல்லியும் ஒட்டிய இடம்தான் விட்டுப்போகிறது. கல்லின் கெட்டித்தனத்தைவிட, சிமெண்ட் அதைப் பிடிக்கிறதா என்பதே பெரிய கேள்வி. கவனம் போக வேண்டிய இடங்கள் வேறு.

முதல் இடம், கல் மக்கியதா என்பது. குவாரியில் மேல்மண்ணை எடுத்ததும் வரும் பாறை பல நூறாயிரம் வருட மழையையும் வெயிலையும் தின்றது. ஃபெல்ட்ஸ்பார் மெல்ல வெள்ளைக் களிமண்ணாகிக்கொண்டிருக்கும். இரும்புள்ள தாதுக்கள் துருவேறிப் பழுப்பாகும். கருநீலச் சார்னோக்கைட் பாறைக்கே மேலே ஒரு காவி நிறத் தோல் இருக்கும். அந்தத் தோலும் அதற்கு அடுத்த சில அடியும் கிராவலுக்குப் போக வேண்டியவை. ஆனால் அதையும் கிரஷரில் போட்டு நல்ல கல்லோடு கலந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒருமுறை எங்கள் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த லோடில் பத்தில் இரண்டு கல் பழுப்பு. கேட்டதற்கு "அது மழைக் கறை சார்" என்றார் டிரைவர். ஆணியால் கீறினேன், மாவாக உதிர்ந்தது. லோடு அப்படியே திரும்பியது.

அடுத்தது ஓட்டை. குழம்பு மேலே வரும்போது அதில் கரைந்திருந்த வாயு குமிழாகப் பிரியும். ஆப்பத்தில் கண் விழுவது மாதிரிதான். அந்தக் குமிழோடு உறைந்த பசால்ட் தண்ணீரைக் குடிக்கும். மும்பையிலும் புனேயிலும் ஒரே மலையில், ஒரு அடுக்கு கெட்டிப் பசால்ட்டாகவும் அதற்கு மேலடுக்கு குமிழ் நிறைந்ததாகவும் இருக்கும். குமிழுக்குள் பின்னாளில் வெண்ணிறத் தாதுக்கள் நிரம்பியும் இருக்கும். எரிமலைக் கல் என்றாலே கெட்டி என்ற நம்பிக்கைக்கு இது ஒன்றே பதில். ஓட்டைக் கல்லும் வீண் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரோமில் சுமார் 1900 வருடமாக நிற்கும் பாந்தியனின் 43 மீட்டர் அகலக் கூரையில், மேலே போகப் போக எடை குறைய வேண்டும் என்று, உச்சியில் நுரைக்கல்லைப் போட்டுத்தான் கான்கிரீட் வார்த்தார்கள். எதற்கு எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நம் பக்கத்துக் கல்லில் அந்தக் கவலை இல்லை. ஆழத்தில் இறுகியதால் குமிழ் கிடையாது. பிளவுகள் வழியாகத் தவிர தண்ணீர் இறங்காது. இதற்குச் சென்னைக்காரர்களுக்கு ஒரு நேரடி அனுபவமே உண்டு. 2017 வறட்சியில் மாங்காடு அருகே சிக்கராயபுரத்துக் கைவிடப்பட்ட கல்குவாரிகளில் தேங்கியிருந்த மழைநீரைச் சுத்திகரித்துத்தான் நகரத்துக்குக் குடிநீர் அனுப்பினார்கள். ஜல்லி எடுத்த பள்ளம் ஏரியானது.

மூன்றாவது, வரியும் காக்காப்பொன்னும். உங்கள் வெளிர் குவியலில் நான் சந்தேகத்தோடு பார்ப்பது இதைத்தான். வெளுப்பும் ரோஸும் கலந்தது என்றால் அது கிரானைட்டாக இருக்கலாம், வரிப்பாறையாகவும் இருக்கலாம். ரோஸ் என்பது பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பாரின் நிறம், அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் வரிப்பாறையில் காக்காப்பொன் அடுக்கடுக்காகப் படுத்திருக்கும். அடித்தால் அந்த அடுக்கில்தான் பிளக்கும். ஜல்லி பட்டையாக வரும். காக்காப்பொன்மேல் சிமெண்டும் சரியாக ஒட்டாது. கல் பளபளவென்று மின்னினால் ஜரிகை மாதிரி அழகாக இருக்கும். எனக்கு அதைப் பார்த்தால் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும்.

பட்டைக்கல் விஷயத்தில் பாறையைவிட கிரஷருக்குப் பொறுப்பு அதிகம். தாடை மாதிரி மென்று உடைக்கும் ஜா கிரஷரோடு வேலையை முடித்துக்கொள்கிற இடங்களில் தட்டையும் நீளமுமான கல் அதிகம் வரும். கல்லைக் கல்மேல் வீசி உடைக்கும் வி.எஸ்.ஐ. எந்திரத்தையும் வைத்திருப்பவர்களின் ஜல்லி கனசதுரத்துக்குப் பக்கத்தில் வரும். பட்டைக்கல் கம்பிகளுக்கு இடையே படுத்துக்கொண்டு கலவையை உள்ளே விடாது. அதைச் சரிக்கட்ட மேஸ்திரி இரண்டு குடம் தண்ணீர் கூடுதலாக ஊற்றுவார். உறுதி போவது அந்த இரண்டு குடத்தில்தான், கல்லின் நிறத்தில் இல்லை. தட்டையும் நீளமும் சேர்ந்து 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஜல்லிக்கும் மணலுக்குமான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 383இன் 2016 பதிப்பு சொல்கிறது. ஒரு கை அள்ளிப் பரப்பினாலே கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

தூசியும் அதே மாதிரிதான். ஜல்லிமேல் மாவாகப் படிந்த கிரஷர் பொடி, சிமெண்டுக்கும் கல்லுக்கும் நடுவே பவுடர் பூசினாற்போல நின்றுவிடும். 75 மைக்ரானுக்கும் நுண்ணிய தூள் ஜல்லியில் எடைக்கு 1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். எம்-சாண்டுக்கு விதி வேறு. கல்லை உடைத்துச் செய்யும் மணல் என்பதால் 150 மைக்ரான் சல்லடையைக் கடப்பது 20 சதவீதம் வரை இருக்கலாம் என்று விட்டிருக்கிறார்கள். இந்தச் சலுகையைப் பிடித்துக்கொண்டு வெறும் கிரஷர் பொடியையே எம்-சாண்ட் என்று தலையில் கட்டுகிறார்கள். கழுவிச் சலித்த எம்-சாண்டைக் கையில் பிடித்து விட்டால் உள்ளங்கை ஓரளவு சுத்தமாக இருக்கும். பொடி என்றால் கை சாம்பல் பூசிக்கொள்ளும்.

சோதனைக்கூடத்தில் நாங்கள் செய்துவந்த சோதனைகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதைப் பார்த்தால் எல்லாமே புரிந்துவிடும். 12.5 மி.மீ. சல்லடையில் இறங்கி 10 மி.மீ.யில் நின்ற கல்லை ஒரு இரும்புக் குவளையில் போட்டு, சுமார் 14 கிலோ சம்மட்டியை 38 செ.மீ. உயரத்திலிருந்து 15 முறை விழவிடுவோம். பிறகு 2.36 மி.மீ. சல்லடையில் சலித்து, எவ்வளவு தூளானது என்று எடை போடுவோம். சாலை, தளம் மாதிரி மேலே தேயும் இடத்துக்கு 30 சதவீதத்துக்குமேல் தூளாகக் கூடாது, மற்ற கான்கிரீட்டுக்கு 45 வரை விடுவார்கள். ரயில் பாதைக்குப் போடும் சரளைக்கு இன்னும் கண்டிப்பு, 20தான். ரயிலின் அதிர்வில் கல் உதிர்ந்து மாவானால் மழைநீர் வடியாது, தண்டவாளம் இறங்கிவிடும். நாங்கள் பார்த்த வரையில் மக்காத கருநீலக் கல்லும் மக்காத வெளிர் கிரானைட்டும் இதில் சிரமமில்லாமல் தேறும். தோற்பது அரைமக்கல்தான், அது எந்த நிறமானாலும்.

நிறத்துக்கு, இன்னும் சரியாகச் சொன்னால் சிலிக்காவுக்கு, மதிப்பு வரும் இடம் தார்ச்சாலை. சிலிக்கா மிகுந்த கிரானைட் தண்ணீரோடு நேசமாக இருக்கும், தாரோடு அவ்வளவாக இல்லை. மழை தேங்கினால் தண்ணீர் கல்லுக்கும் தாருக்கும் நடுவே புகுந்து தாரை உரித்துவிடும். பசால்ட்டில் இது குறைவு. கிரானைட் வகைக் கல்லோடு தார் கலக்கும்போது கொஞ்சம் சுண்ணாம்போ ஒட்டு மருந்தோ சேர்ப்பது இதற்காகத்தான். உங்கள் வீட்டுக்கு இது தேவையில்லை.

கல்லின் வேதியியல் கான்கிரீட்டைக் கெடுத்த கதைகளும் உண்டு. 1940இல் கலிஃபோர்னியாவில் தாமஸ் ஸ்டாண்டன், சிமெண்டிலிருக்கும் காரமும் சிலவகைச் சிலிக்காவும் வினைபுரிந்து ஒரு பசையாக உப்பி, கான்கிரீட்டை வெடிக்கவைப்பதைக் கண்டுபிடித்தார். படிகமாகாமல் கண்ணாடியாக உறைந்த எரிமலைக் கற்கள் இதில் முக்கியக் குற்றவாளிகள். மறுபடியும் பாருங்கள், எரிமலைக் கல்! நன்றாகப் படிகமான நம் குவார்ட்ஸ் இந்த வேலையை எளிதில் செய்யாது. மலையழுத்தத்தில் நசுங்கிய குவார்ட்ஸ் பல பத்தாண்டுகளில் மெதுவாகச் செய்யலாம், அதனால் அணை கட்டுகிறவர்கள் சோதித்துப் பார்ப்பார்கள். இன்னொன்று கனடாவின் த்ரூவா ரிவியேர் ஊரில் நடந்தது. கேப்ரோ வகைத் தீப்பாறை, பார்க்கக் கெட்டி, கருப்பு. ஆனால் அதற்குள் பிரோட்டைட் என்ற இரும்புக் கந்தகத் தாது இருந்தது. ஈரமும் காற்றும் பட்டதும் அது துருவேறி உப்ப, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளின் அஸ்திவாரம் சில வருடங்களிலேயே வெடித்தது. மேஸ்திரி அங்கே இருந்திருந்தால் அந்தக் கல்லைத்தான் எடுத்திருப்பார். உங்கள் ஜல்லியில் பித்தளை நிறத்தில் மின்னும் புள்ளிகள் நிறைய இருந்தால், அல்லது மழையில் நனைந்த குவியலில் துருக்கோடு வழிந்திருந்தால், வேண்டாம்.

கடைகளில் பிளாக் கிரானைட் என்று விற்கிறார்களே, அது என்ன என்று அடுத்த கேள்வி வரும். அதில் பெரும்பகுதி டோலரைட். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம் பழைய பாறையின் பிளவுகளில் புகுந்து இறுகிய குழம்பு அது. படிகங்கள் ஒன்றையொன்று ஊடுருவிப் பின்னியிருப்பதால் உடைப்பதற்குள் கை ஓய்ந்துவிடும். கருப்பும் கெட்டியும் உண்மையிலேயே சேர்ந்திருக்கும் கல் வேண்டுமென்றால் அதுதான். ஆனால் அதை மெருகேற்றிச் சமையல் மேடைக்கும் கல்லறைக்கும் நல்ல விலைக்கு அனுப்புகிறார்கள், உங்கள் சென்ட்ரிங் கூரைக்கு ஜல்லியாக்க யாரும் தரமாட்டார்கள்.

இனி உங்கள் இரண்டு குவியலுக்கு வருவோம். போகும்போது ஒரு ஆணி, ஒரு வாளி, ஒரு பழைய துணி எடுத்துப் போங்கள். குவியலின் மேலிருந்து மட்டும் எடுக்காமல் நடுவிலும் அடியிலும் கைவிட்டுப் பத்துப் பதினைந்து கல் எடுங்கள். ஃபெல்ட்ஸ்பார் முகம் வெயிலில் பளிச்சென்று மின்ன வேண்டும், ஆணி அதைக் கீறக் கூடாது. சுண்ணாம்பு மாதிரி மங்கி, கீறினால் மாவு வந்தால் மக்கிவிட்டது. இரண்டு கல்லை ஒன்றோடொன்று மோதினால் கணீரென்று கேட்க வேண்டும், மொத்தென்று கேட்டால் தள்ளிவையுங்கள். ஒரு கூடை ஜல்லியை வாளித் தண்ணீரில் கலக்கிப் பாருங்கள், எவ்வளவு தூசி என்று தண்ணீர் சொல்லிவிடும். வீட்டுக்கு ஒரு கிலோ கொண்டுவந்து, நன்றாகக் கழுவி, வெயிலில் காயவைத்து எடை போட்டு, ஒரு நாள் முழுக்க ஊறவைத்து, துணியால் மேலீரத்தைத் துடைத்துவிட்டு மறுபடி எடை போடுங்கள். இந்த வகைக் கல் கிலோவுக்கு 10 கிராமுக்குள்தான் குடிக்க வேண்டும். 20 கிராமைத் தாண்டினால் ஓட்டையோ மக்கலோ இருக்கிறது. பெரிய வீடு என்றால் பக்கத்துப் பொறியியல் கல்லூரிச் சோதனைக்கூடத்தில் ஒரு சோதனைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு லோடு ஜல்லி விலையோடு ஒப்பிட்டால் அது பெரிய செலவில்லை.

இரண்டுமே தேறினால் விலை குறைந்ததை வாங்குங்கள். எடையைப் பார்த்து வாங்குகிறீர்களா, அளவைப் பார்த்து வாங்குகிறீர்களா என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். யூனிட் என்பது 100 கன அடி, லாரியில் அதை அளந்து பார்ப்பவர்கள் குறைவு. ஒரு குவாரியைத் தேர்ந்தெடுத்த பிறகு கூரை போடும் அன்று பாதியில் வேறு குவாரி லோடைக் கலக்க விடாதீர்கள். கல்லின் வடிவமும் தூசியும் மாறினால் கலவைக்குத் தண்ணீர்க் கணக்கும் மாறும், அதை அவசரத்தில் யாரும் திருத்தமாட்டார்கள். வெளிர் ஜல்லியைப் பார்த்து மேஸ்திரி முகம் சுளித்தால், அந்த ஆணியையும் வாளியையும் அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.